கடற்படையில் உள்ள தம்பிக்குக் காசநோய்: பணியிலிருந்து அனுப்பிவிடுவார்களா? வீட்டில் யார் யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி
எழுதியவர்: தேவனாம்பட்டினம் அக்கா

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர்கள். என் தம்பி 2019-இல் கடற்படையில் மாலுமியாகத் தேர்வாகி, ஒடிசாவின் சில்காவில் பயிற்சி முடித்து, இப்போது விசாகப்பட்டினத்தைத் தளமாகக் கொண்ட ஒரு கப்பலில் பணிபுரிகிறான். மாசி மகத்துக்கு விடுப்பில் வந்தபோதே உடம்பு இளைத்திருந்தான். சாயங்காலமானால் மேல் சுடும். இரவில் பனியன் நனைந்துபோகும் அளவுக்கு வியர்க்கும். இருமல் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. கப்பலில் தூக்கம் குறைவு, அதனால்தான் என்று அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டுப் புறப்பட்டுப் போனான். போன சில வாரங்களில் கப்பலின் சிக் பேயில் (மருத்துவ அறையில்) காட்டியபோது எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலது நுரையீரலின் மேல்பகுதியில் நிழல் தெரிந்ததால் சளியையும் பரிசோதித்து, காசநோய் என்று உறுதிசெய்துவிட்டார்கள். இப்போது கடற்படை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறான்.

எங்கள் உறவினர் ஒருவர் தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். டி.பி. வந்தால் போர்டு அவுட் செய்து (மருத்துவ வாரியத்தின் மூலம் வெளியேற்றி) அனுப்பிவிடுவார்கள் என்றும், பத்து வருடம் முடியாததால் பென்ஷனும் கிடைக்காது என்றும் அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நோயால் உண்மையிலேயே பணி போய்விடுமா என்பது என் முதல் கவலை. அவன் விடுப்பில் இருந்த நாட்களில் என் மூன்று வயது மகள் அவனோடுதான் தூங்கினாள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. எங்களில் யார் யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், எங்கே போக வேண்டும் என்பது இரண்டாவது. இந்த நோய் கப்பலில் தொற்றியதா, ஊரில் தொற்றியதா என்று யாராவது கேட்பார்களா, அதற்கு ஏதாவது முக்கியத்துவம் உண்டா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: முத்தியால்பேட்டை மாலுமி

சகோதரிக்கு வணக்கம். நான் கடற்படையின் மருத்துவ உதவியாளர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது புதுச்சேரியில் வசிக்கிறேன். முதலில் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: காசநோய் என்று கண்டுபிடித்த உடனே யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. கடற்படையில் முதலில் நடப்பது சிகிச்சை. அது முடிந்து, நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பணி பற்றிய முடிவு. மருந்துக்குக் கட்டுப்பட்ட சாதாரண நுரையீரல் காசநோயிலிருந்து குணமாகி, மீண்டும் கடலுக்குப் போனவர்களை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன்.

நடைமுறை இப்படி இருக்கும். முழுத் தகுதியுள்ள மாலுமியின் மருத்துவ நிலையை எஸ்1ஏ1 என்று குறிப்பார்கள். நோய் உறுதியானதும் அவரைத் தற்காலிகமாகக் குறைந்த நிலைக்கு இறக்குவார்கள். அந்தக் குறிப்போடு டி-24 என்று எழுதியிருந்தால், 24 வாரங்கள் கழித்து மறுபடியும் மருத்துவ வாரியத்தின் முன் நிற்க வேண்டும் என்று பொருள். அந்தக் காலத்தில் கப்பலில் இருந்து இறக்கித் தரையில் பணி கொடுப்பார்கள், அல்லது நோய்விடுப்பில் ஊருக்கு அனுப்புவார்கள். மறுபரிசீலனையில் சளி சுத்தமாக இருந்து, எக்ஸ்ரேயில் நிழல் ஆறியிருந்து, எடை கூடியிருந்தால் படிப்படியாக நிலையை உயர்த்திக்கொண்டே வருவார்கள். பணிக்கு முற்றிலும் தகுதியற்றவர் என்பதற்கான குறியீடு எஸ்5ஏ5. அந்த இடத்துக்கு ஒருவர் போகிறார் என்றால், பெரும்பாலும் நோய் விட்டுப்போன சேதம்தான் காரணமாக இருக்கும்: நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிப்போவது, மூச்சுக்குழல் விரிந்து நின்று அடிக்கடி சளி கட்டுவது, இருமலில் இரத்தம் வருவது, கொஞ்சம் ஏறி இறங்கினாலே மூச்சு வாங்குவது ஆகியவை. மருந்துக்குக் கட்டுப்படாத வகைக் கிருமியாக இருந்தாலும் சிகிச்சை கடினமாகும். ஆனால் அதற்கும் இப்போது 6 மாதங்களில் முடியும் மருந்துக் கூட்டு வந்துவிட்டது. உங்கள் தம்பிக்கு நோய் ஒரு மேல்பகுதியில் மட்டும் இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள் என்பதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கூடுதல் கண்டிப்பு உண்டு. தம்பி முக்குளிப்பவர் பிரிவிலோ நீர்மூழ்கிக் கப்பலிலோ இருந்தால், நுரையீரலில் சிறிய தழும்பு இருந்தாலும் அந்தப் பணிக்கு மட்டும் தகுதி இழக்கக்கூடும். ஆழத்தில் இருந்து மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று விரியும். தழும்புள்ள இடத்தில் காற்று சிக்கிக்கொண்டால் நுரையீரல் கிழியும் ஆபத்து இருக்கிறது. அப்போதும் அவர் மாலுமியாகத் தொடர்வதற்கு அது தடையாவதில்லை.

கடற்படை ஏன் இந்த நோயைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறது என்பதை உங்கள் உறவினரும் அறிந்துகொள்வது நல்லது. கப்பலின் மெஸ் டெக்கில், அதாவது மாலுமிகள் தங்கும் தளத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்குப் பங்க் (படுக்கை) இருக்கும். மேல் பங்கில் இருமுபவரின் மூச்சுக்காற்றுதான் கீழ் பங்கில் இருப்பவருக்கும். வெளிக்காற்று வருவதற்குச் சன்னல் கிடையாது. குளிரூட்டப்பட்ட காற்றே குழாய்களில் சுற்றிச் சுற்றி வரும். 1960-களில் ரிச்சர்ட் ஈ. பைர்ட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில், நோய் கண்டுபிடிக்கப்படாமலேயே மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்த ஒரே ஒரு மாலுமியிடமிருந்து, ஏறத்தாழ 300 பேரில் பாதிப்பேருக்குத் தொற்று பரவியது. அவரோடு ஒரே அறையில் தூங்கியவர்களுக்கு மட்டுமன்றி, காற்றோட்டக் குழாயால் அந்த அறையோடு இணைந்திருந்த வேறோர் அறையில் இருந்தவர்களுக்கும் தொற்றியிருந்தது. காசநோய் காற்றின் வழியாகப் பரவுகிறது என்பதற்கு மருத்துவ நூல்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு அது. அதனால் உங்கள் தம்பியின் கப்பலிலும், அவரோடு தங்கியிருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அவர் ஏதோ குற்றம் செய்துவிட்டதைப் போல அதை நினைத்து மனம் உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறவினர் சொன்னதற்கும் ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையில், சிறிய பிலிம் சுருளில் மார்பைப் படமெடுக்கும் முறையைக் கொண்டுவந்து, மாலுமிகளைக் கூட்டம் கூட்டமாகச் சோதித்தார்கள். எந்த அறிகுறியும் இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் படத்தில்கூட நிழல் தெரிந்தது. அப்போது கொடுக்க மருந்தில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டறியப்பட்டது. ஐசோனியாசிட் 1952-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. நிழல் தெரிந்தவர் கப்பலை விட்டு இறங்கி, சானடோரியம் என்ற காசநோயாளிகள் தங்கும் மருத்துவ இல்லத்துக்கோ வீட்டுக்கோ போவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அந்தக் காலத்தின் அச்சம் படைவீரர் குடும்பங்களில் இன்னும் வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது. இன்று எக்ஸ்ரே எடுப்பது மருந்தைத் தொடங்குவதற்காகத்தான்.

பதில் 2
எழுதியவர்: மார்பு நோய் மருத்துவர், புதுச்சேரி

குடும்பத்தைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் மூன்று வயது மகளைத்தான் முதலில் அழைத்துச் செல்ல வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டால் அது விரைவில் நோயாக மாறக்கூடும். நுரையீரலோடு நிற்காமல் மூளை உறையையும் தாக்கக்கூடும். குழந்தைக்கு இப்போது நோய் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்துவிட்டால், தடுப்பு மருந்தைத் தொடங்குவார். எடைக்கேற்ற அளவில் ஐசோனியாசிட்டை 6 மாதங்கள் தினமும் கொடுப்பது வழக்கமான முறை. குழந்தை நன்றாக ஓடியாடுகிறாளே, மருந்து எதற்கு என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். அவள் நன்றாக இருக்கும்போதே கொடுப்பதற்குப் பெயர்தான் தடுப்பு மருந்து. அடுத்ததாக உங்கள் அம்மா. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தொற்று நோயாக மாறும் வாய்ப்பு கூடுதல்; அவருக்கு மார்பு எக்ஸ்ரேயும், சளி இருந்தால் சளிப் பரிசோதனையும், அதோடு சர்க்கரை அளவும் பார்க்க வேண்டும். தம்பியோடு ஒரே வீட்டில் இருந்த மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டியவர்களே. பெரியவர்களுக்கு, தொற்று உள்ளதா என்பதைத் தோலில் ஊசி போட்டோ இரத்தத்திலோ சோதித்து, தேவையானால் வாரம் ஒருமுறை வீதம் 12 தவணைகளில் முடியும் தடுப்பு மருந்தும் இருக்கிறது.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் உள்ள காசநோய்ப் பிரிவுக்குச் சென்று, எங்கள் வீட்டில் இன்னாருக்கு நோய் உறுதியாகியிருக்கிறது, இன்ன தேதிகளில் அவர் எங்களோடு இருந்தார் என்று சொன்னாலே போதும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். புதுச்சேரி உங்களுக்குப் பக்கம் என்றால் கோரிமேட்டில் உள்ள அரசு மார்பு நோய் மருத்துவமனைக்கு வரலாம். தம்பியின் நிக்ஷய் எண்ணை (அரசின் காசநோய்ப் பதிவேட்டில் உள்ள எண்ணை) கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012-இல் இருந்தே கட்டாயம். ஆகவே அவருடைய பெயரும் பதிவாகியிருக்கும். அவர் நோய்விடுப்பில் ஊருக்கு வந்தால், அதே எண்ணைக் கொண்டு இங்கேயே மாத்திரையைத் தொடர முடியும். ஊர் மாறும் அந்த இடைவெளியில்தான் பலருக்கு மருந்து விட்டுப்போகிறது. இரண்டு மாதம் ஆனதும் காய்ச்சல் நின்று, பசி எடுத்து, முகம் தெளிந்துவிடும். நோய் போய்விட்டது என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். சிகிச்சை மொத்தம் 6 மாதங்கள்: முதல் 2 மாதங்களுக்கு நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதங்களுக்கு மூன்று. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பும், கிருமி மருந்தை எதிர்க்கப் பழகும் வாய்ப்பும் கூடும். அப்படி நேர்ந்தால் அவருடைய கடற்படைப் பணிக்கும் அது உண்மையான ஆபத்து.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். கண்ணீரும் வியர்வையும்கூட அந்த நிறம் காட்டலாம். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம். வாந்தி, சோர்வு, கண் மஞ்சளாவது ஆகியவை இருந்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாலுமி என்பதால் மற்றொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நான்கு மருந்துகளில் ஒன்றான எத்தாம்பியூட்டால் சிலருக்குக் கண் நரம்பைப் பாதித்து, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் திறனைக் குறைக்கும். கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. இருட்டில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த நிறங்களைக் கொண்டுதான் அறிகிறார்கள். ஆகவே நிறப்பார்வை கடற்படைப் பணிக்கு அடிப்படைத் தேவை. மருந்தின் தொடக்கத்திலேயே நிறப்பார்வையைச் சோதித்துப் பதிவு செய்துகொள்ளும்படியும், பிறகு மாதந்தோறும் பார்க்கும்படியும் தம்பி தன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். எழுத்து மங்கலாகத் தெரிந்தாலோ நிறங்கள் வெளிறித் தெரிந்தாலோ அன்றைக்கே சொல்ல வேண்டும். உரிய நேரத்தில் அந்த மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குப் பார்வை திரும்பிவிடும்.

வீட்டில் தட்டு, டம்ளர், துணிமணிகளைத் தனியாக ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. இந்த நோய் அவற்றால் பரவுவதில்லை. சரியான மருந்து தொடங்கிச் சுமார் இரண்டு வாரங்களில் தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். இதைச் சொல்ல நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தியல் மையத்தில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு பகுதியினரை நெரிசலான அவர்களுடைய வீடுகளிலேயே வைத்தும் சிகிச்சை அளித்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சையில் குணமானவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சளைக்கவில்லை. அவர்களோடு இருந்த குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவுதான் உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. தம்பி ஊருக்கு வந்தால் அவரைக் கொல்லைப்புற அறையில் தள்ளிவைக்காதீர்கள். சன்னலைத் திறந்துவைத்து, வயிறாரச் சாப்பாடு போடுங்கள்.

தேவனாம்பட்டினம் அக்கா:

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மகளையும் அம்மாவையும் உடனே அழைத்துச் செல்கிறேன். தம்பி முக்குளிப்பவர் பிரிவில் இல்லை. அவனோடு பேசியபோது மேலும் ஒன்றைச் சொன்னான். அவனோடு வார்டில் இருக்கும் ஒருவர், குறைந்த மருத்துவ நிலையில் பணியில் தொடர விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறாராம். இவனும் மனம் தளர்ந்து, எழுதிக் கொடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்கிறான். என்ன சொல்வது?

பதில் 3
எழுதியவர்: நெல்லிக்குப்பம் முன்னாள் மாலுமி

தங்கையே, வேண்டாம் என்று சொல்லுங்கள். சிகிச்சை முடிவதற்கு முன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். நானும் இதே நோயால் மருத்துவ வாரியத்தின் முன் நின்று, இன்வாலிட் ஆகி, அதாவது பணிக்குத் தகுதியற்றவன் என்று வெளியேற்றப்பட்டு, ஊருக்கு வந்தவன். எனக்கு நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமானதால் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி சேதமாகிவிட்டது. அதனால் எனக்கு நேர்ந்தது தம்பிக்கும் நேரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் வாரியத்தின் காகிதம் எவ்வளவு வலிமையானது என்பதை நான் பட்டு அறிந்தவன்.

வெளியேற்றும் வாரியம் நிரப்பும் படிவத்துக்கு ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்று பெயர். அதில் சில கேள்விகள் இருக்கும்: இந்தக் குறைபாடு பணியில் சேர்வதற்கு முன்பே இருந்ததா? பணியின் காரணமாக ஏற்பட்டதா? பணியால் மோசமடைந்ததா? குறைபாடு எத்தனை சதவீதம்? நோய் எங்கே தொற்றியது என்று நீங்கள் கேட்டீர்களே, அந்தக் கேள்வி உயிர்பெறுவது இந்தக் கட்டங்களில்தான். என்னுடைய படிவத்தில் பணிக்குத் தொடர்பில்லை என்ற பொருளில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள்; காரணம் எதுவும் எழுதவில்லை. அந்த ஒரு வரியை வைத்து என் ஊனமுற்றோர் ஓய்வூதியக் கோரிக்கை தள்ளுபடியானது. கப்பலின் கீழ்த்தளத்தில் இயந்திர அறையை ஒட்டித் தூங்கியவன் நான். சேரும்போது எடுத்த எக்ஸ்ரேயில் என் நுரையீரல் சுத்தமாக இருந்தது என்பதும் பதிவில் இருந்தது. மேல்முறையீட்டில் அந்தப் பதிவுதான் என்னைக் காப்பாற்றியது.

எனவே தம்பி இப்போதே தொடங்கிச் செய்யட்டும். சில்காவில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனையின் பதிவு, ஆண்டுதோறும் நடந்த பரிசோதனைகளின் பதிவு, எந்தத் தேதியில் சிக் பேயில் இருமலுக்காகக் காட்டினான், என்ன மருந்து கொடுத்தார்கள், எந்தத் தேதியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், கப்பலில் எந்தப் பகுதியில் தங்கினான், அருகில் வேறு யாருக்காவது இருமல் இருந்ததா, இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைக்கட்டும். மருத்துவக் காகிதங்களின் நகலைக் கேட்டு வாங்கலாம். கொடுக்கத் தாமதித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம். சொந்த விருப்பத்தில் விலகுவது வேறு, வாரியம் வெளியேற்றுவது வேறு. பென்ஷன் விதிகளில் இந்த இரண்டும் வெவ்வேறு வழிகளில் போகும். சலிப்பில் எழுதிக் கொடுத்த ஒற்றை வரிக்காகப் பிறகு பல ஆண்டுகள் வழக்காடியவர்களை நான் அறிவேன்.

பதில் 4
எழுதியவர்: முன்னாள் படைவீரர் வழக்குகள் பார்ப்பவர், கடலூர்

மேலே சொன்னவற்றோடு சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். தம்பி குணமாகிப் பணிக்குத் திரும்பிவிட்டால் இவை எதுவும் தேவைப்படாது; அப்படியே ஆகட்டும்.

ஒருவேளை வெளியேற்றினால், பத்து ஆண்டுப் பணி இல்லாததால் எதுவும் கிடைக்காது என்பது தவறான செய்தி. நோய் பணியால் ஏற்பட்டது அல்லது பணியால் மோசமடைந்தது என்று ஏற்கப்பட்டு, குறைபாடு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் என்ற நிபந்தனை இல்லை. 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகளோடு இணைக்கப்பட்ட நோய்ப் பட்டியலில், தட்பவெப்பச் சூழலால் பாதிக்கப்படும் நோய்களின் வரிசையில் நுரையீரல் காசநோய் இடம்பெற்றிருக்கிறது. அந்த விதிகள் 2008-இலும் 2023-இலும் மாற்றப்பட்டன. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு பணியை விட்டு வருபவர்களுக்குப் புதிய விதிகளே பொருந்தும் என்பதால், பழைய தீர்ப்பை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. இருந்தாலும் உச்ச நீதிமன்றம் 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் கூறியது இன்றும் நாங்கள் வாதத்தைத் தொடங்கும் இடம். சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால் அது பணிக்காலத்தில் வந்ததாகவே கொள்ள வேண்டும்; இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது; வாரியம் காரணம் எழுத வேண்டும். அடுத்த ஆண்டில் சுக்விந்தர் சிங் வழக்கில், ஒருவரை நோயின் பேரில் வெளியேற்றிவிட்டு, அவருடைய குறைபாடு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்லி ஓய்வூதியத்தை மறுப்பது பொருந்தாது என்றும் அந்த நீதிமன்றம் கூறியது.

பணிக்குத் தொடர்பில்லை என்றே முடிவானாலும், இன்வாலிட் ஓய்வூதியம் என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. அதற்குத்தான் முன்பு 10 ஆண்டுகள் தேவைப்பட்டன. உங்கள் உறவினர் கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். 2020 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் அந்த 10 ஆண்டு நிபந்தனையைத் தளர்த்தியது. ஆனால் படைப்பணிக்கு மட்டுமல்லாமல் வெளி வேலைக்கும் நிரந்தரமாகத் தகுதியற்றவராக இருக்க வேண்டும் என்ற கடுமையான நிபந்தனை அதில் உண்டு. நிராகரிப்புக் கடிதம் வந்தால் 6 மாதங்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். பிறகு இரண்டாவது மேல்முறையீடு. அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. தேதியைத் தவற விடுவதால் வீணாகும் வழக்குகளே அதிகம். கடலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுத உதவி கிடைக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. 2022 முதல் அக்னிவீரராகச் சேர்ந்தவர்களுக்கு மேற்சொன்ன ஓய்வூதிய விதிகள் பொருந்தாது. பணியால் ஏற்பட்ட குறைபாடு 50, 75, 100 சதவீதம் என்ற நிலைகளுக்கு ஏற்ப 15 இலட்சம், 25 இலட்சம், 44 இலட்சம் ரூபாய் ஒரே தவணையாக வழங்கும் ஏற்பாடு அவர்களுக்கு இருக்கிறது. அவர்களும் சேரும்போது எடுத்த எக்ஸ்ரேயின் பதிவைப் பத்திரப்படுத்த வேண்டும். வணிகக் கப்பலில் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், புதுச்சேரியில் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் சொல்தா (முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களுக்கும் சட்டமே வேறு. அவர்கள் இந்த இழையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

தேவனாம்பட்டினம் அக்கா:

எல்லாவற்றையும் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். விருப்பமில்லை என்று எழுதிக் கொடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். நோட்டில் தேதிகளை எழுதத் தொடங்கியிருக்கிறான். சிக் பேயில் இருமல் மருந்து வாங்கிய தேதிகள் அவனுக்கு நினைவிருக்கின்றன. மகளுக்கு எக்ஸ்ரேயில் குறை எதுவும் இல்லை. தடுப்பு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சளிப் பரிசோதனை முடிவு வர வேண்டும். மருத்துவர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி மீதி இருக்கிறது. தம்பிக்குப் புதுச்சேரியில் பெண் பார்த்து, ஆவணியில் நிச்சயம் செய்வதாகப் பேச்சு. பெண் வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டுமா, திருமணத்தையே தள்ளிவைக்க வேண்டுமா?

பதில் 5
எழுதியவர்: மார்பு நோய் மருத்துவர், புதுச்சேரி

சொல்லிவிடுங்கள், அம்மா. மறைத்து வைத்தால் தம்பி ஒவ்வொரு நாளும் மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட வேண்டியிருக்கும்; மறைத்துச் சாப்பிடும் மாத்திரைதான் முதலில் விட்டுப்போகிறது. இது பரம்பரை நோயல்ல, பிறக்கும் குழந்தைக்குப் போவதில்லை, 6 மாதச் சிகிச்சையில் குணமாகும் என்று பெண் வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டுமென்றால், அவர்களைக் கோரிமேட்டுக்கு அழைத்து வாருங்கள்; புறநோயாளர் பிரிவில் அவர்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார்கள். ஆவணியில் நிச்சயம் நடக்கலாம். திருமணத்தை மட்டும் சிகிச்சை முடிந்து கடைசிச் சளிப் பரிசோதனையின் முடிவு கைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்வது அவருடைய உடம்புக்கு நல்லது. அதற்குள் மறுபரிசீலனை வாரியமும் முடிந்துவிட்டால், அடுத்த பணி கடலிலா தரையிலா என்பதும் இரண்டு குடும்பங்களுக்கும் தெரிந்திருக்கும். அம்மாவின் சளி முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும் அவருடைய சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைப்பதை விட்டுவிடாதீர்கள்.